பார்வையிட்ட விவரம்

களியக்காவிளைக்கு ஒரு நிறுத்தம் முன்பே
கைபேசி மலையாளத்தில் பேசத் தொடங்கியது.
இறங்கினேன்.
பையில் குழித்துறை முன்சீப் கோர்ட்டின் ஆணை,
ஐம்பது மீட்டர் நாடா,
சீனியர் சொல்லி அனுப்பிய ஒரே வாக்கியம்:
கண்டதை எழுது, கருத்து எழுதாதே.

கண்டது:
கிழக்குச் சுவரில் ஒரு வெடிப்பு.
ஜன்னல் மூலையில் புறப்பட்டு
எங்கோ போகவேண்டியதுபோல் இறங்குகிறது.
ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினேன், நின்றது.
பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தபோது
வீட்டுக்காரர் என் கையையே பார்த்தார்.
திரும்பப் பையில் போட்டேன்.

பிரதிவாதி ரசல்தாஸ்,
முப்பத்தொரு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர்.
வாதி, அடுத்த விளை ஓமனா.
சன்சேடு தன் மண்ணுக்கு மேலே
ஒன்றேகால் அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்.
அளந்தேன். ஒன்றேகால் அடிதான்.
அதை வார்த்த காண்டிராக்டர் சுகதன்
முன்பணத்தோடு பாறசாலைக்குப் போனவன்;
அழைத்தால் மணியடித்து ஓய்கிறது.
மாடியில் பாதித் தூண்கள்,
துருவேறிய கம்பிகளின் தலையில்
கவிழ்த்த தண்ணீர் பாட்டில்கள்.

ரசல்தாஸ் சட்டைப்பையிலிருந்து
நாலாய் மடித்த பத்திரிகைத் துண்டை எடுக்கிறார்.
அகவிலைப்படி பாக்கியை
நாலு வாரத்தில் கொடுக்கணுமாம், தீர்ப்பு.
மடிப்பில் இருந்த எழுத்துகள் தேய்ந்துபோயின.
"நாலு வாரம்னா கோர்ட்டுக்கு
எத்தன நாளு பிள்ளே?"
அது வேறு கோர்ட், வேறு வழக்கு,
என் ஆணையில் இல்லை.
அந்தப் பாக்கி வந்திருந்தால்
இந்தக் கம்பிகள் இப்படி நிற்காது என்பது
கருத்து.

ஓமனாவின் ஆதாரம் மலையாளத்தில்,
கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பதில் எழுதியது.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்:
மேற்கு எல்லை, அயனி மரம்.
சுற்றிலும் பார்த்தேன்.
ரப்பர், மரச்சீனி, ஒரு பப்பாளி.
அயனி இல்லை.
ரசல்தாஸ் கொஞ்சநேரம் பேசாமல் நின்றார்.
பிறகு தன் வாசற்கதவை விரலால் தட்டினார்.
"இதுதான் அது. அப்பன் முறிச்சது."
"அந்தத் தடியில பாதி எங்களுக்குள்ளது,"
என்றார் ஓமனா.
இருவரும் என் பேனாவைப் பார்த்தார்கள்.
எல்லை ஒன்று
கீல் முனக, திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அப்போது மழை.
சொல்லாமல் வருகிற இடவப்பாதி மழை.
கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு
பக்கத்தில் கிடைத்த கூரைக்கடியில் ஒதுங்கினேன்.
ஓமனாவும் வந்தார். ரசல்தாஸும்.
தாவாவிலுள்ள அந்தச் சன்சேடுதான் அது.
ஒன்றேகால் அடிக்குள் மூன்று பேர் அடங்கவில்லை.
என் வலது தோள் நனைந்தது,
ஓமனாவின் இடது தோள்.
ரசல்தாஸ் மனைவி லில்லிபாய் ஜன்னல்வழியாக
கட்டன்சாயா நீட்டினார்.
எந்தத் தரப்பிலும் எதுவும் குடிக்கக்கூடாது நான்.
ஓமனா வாங்கிக்கொண்டார்.
சர்க்கரை குறைவு என்றார்.

எழுதினேன்:
மழையால் அளவைப்பணி
நாற்பது நிமிடம் தடைபட்டது.
வாசற்கதவு: அயனி. ஒற்றைப்பாளி.
பழையது.
அதற்குமேல் எழுதவில்லை.
கதவைத் தட்டிய விரலை எழுதியிருக்கவேண்டுமோ என்று
இரண்டு தடவை பேனாவைத் திறந்தேன்.

ரோட்டுக்கு வந்தபோது ரசல்தாஸும் கூட வந்தார்.
வண்டி கண்ணில்படும் முன்பே
"திருவனந்தபுரம் நாகர்கோவில். கிளச் போயாச்சு,
ஏத்தத்துல அவன் பாடுபடுகான்" என்றார்.
கை காட்டினார்.
நிறுத்தம் இல்லாத இடத்தில் அது நின்றது.
ஓட்டுநர் இருக்கையிலிருந்து
ஒரு கை நெற்றிவரை உயர்ந்து இறங்கியது.

நடத்துநரிடம் சில்லறை இல்லை.
டிக்கெட்டின் பின்னால்
நீல மையில் எழுதித் தந்தார்:
பாக்கி 3 ரூபாய்.
குழித்துறையில் இறங்கும்போது கேட்க மறந்துவிட்டேன்.
அறிக்கையோடு அந்தச் சீட்டும்
குண்டூசியில் கோத்துக்கொண்டு போய்விட்டது.